ஐயமும் இரத்தமும்: லட்சுமிகாந்தன் கொலை வழக்கு, ஒரு மறுவாசிப்பு

திருவண்ணாமலை மாவட்டத்தில், வந்தவாசி வட்டாரத்தில், சீயமங்கலம் என்றொரு சிற்றூர் உண்டு. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயிலால் தொல்லியலார் அறிந்த ஊர் அது. அக்கோயிலின் சோழர் காலக் கல்வெட்டொன்று ஒரு கொலை வழக்கைப் பதிவு செய்திருக்கிறது. ஒருவன் தன் ஊரைச் சேர்ந்த இன்னொருவனைத் தவறுதலாக எய்து கொன்றுவிடுகிறான். அப்பகுதியின் அதிகாரியும் நாட்டாரும் கூடி ஆராய்கின்றனர். கவனக்குறைவால் நேர்ந்த குற்றத்துக்காக அவன் சாக வேண்டியதில்லை, தூணாண்டார் கோயிலில் விளக்கெரிக்கக் கடமைப்பட்டவன் என்று முடிவு செய்கின்றனர். அதன்படி அவன் விளக்குக்கு நெய் தரும் பசுக்களை அளிக்கிறான்.

சில வரிகளே கொண்ட இந்தக் கல்வெட்டில் இரண்டு தீர்மானங்கள் அடங்கியிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். கொன்றவனின் உயிர் எடுக்கப்படவில்லை என்பது ஒன்று. செத்தவனின் இரத்தம் வீணாகப் போயிற்று என்று கைகழுவிவிடவும் இல்லை என்பது மற்றொன்று. ஒரு கொலை வழக்கில் நீதி இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டது. இவ்விரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, சென்னை மாநகரையே மூன்றாண்டுகள் உலுக்கிய 1944ஆம் ஆண்டின் ஒரு கொலை வழக்கை மீண்டும் படித்துப் பார்ப்பதே நம் நோக்கம். அவ்வழக்கு திரைப்பட வரலாற்றின் ஒரு பக்கமாகவே நம்மவர்க்கு அறிமுகமாகியிருக்கிறது. சட்ட வரலாற்றின் பக்கமாக, அதிலும் ஃபிக்ஹு அறிந்தவரின் கண் கொண்டு, அதைப் பார்த்தவர் குறைவு.

சீயமங்கலத்துத் தீர்ப்பைப் படிக்கும்போது, தவறுதலான கொலைக்கு அந்நிஸா அத்தியாயத்தின் 92ஆம் வசனம் விதிக்கும் கடமைகள் நினைவுக்கு வருவது இயல்பு. ஒரு வேறுபாட்டை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சோழர் காலத்து ஈட்டுப்பொருள் கோயிலுக்குப் போயிற்று. தியத் என்னும் இரத்த ஈடோ கொல்லப்பட்டவனின் குடும்பத்தாருக்குப் போய்ச் சேர வேண்டியது. ஒன்றில் இறந்தவனின் பேரால் விளக்கு எரிகிறது. மற்றொன்றில் அவன் வீட்டு அடுப்பு எரிகிறது.

சீயமங்கலத்தில் கொன்றவன் யார் என்பதில் ஐயமில்லை. கொன்றவன் யாரென்றே தெரியாதபோது என்ன செய்வது? இதற்கு நபிமொழித் தொகுப்புகளில் நாம் அறிந்த பழைய முன்மாதிரி கைபர் நிகழ்ச்சி. அப்துல்லாஹ் பின் ஸஹ்ல் (ரலி) அங்கே கொல்லப்பட்டுக் கிடந்தார். கைபரில் குடியிருந்தோர் யூதர்கள். அவர்கள்தாம் கொன்றிருக்க வேண்டும் என்று இறந்தவரின் சகோதரரும் உறவினரும் இறைத்தூதர் (ஸல்) அவர்களிடம் முறையிட்டனர். ஐம்பது சத்தியங்கள் செய்ய முடியுமா என்று அவர்களிடம் கேட்கப்பட்டது. நாங்கள் நேரில் காணாததன் மீது எப்படிச் சத்தியம் செய்வோம் என்று தயங்கினர். அப்படியானால் யூதர்கள் ஐம்பது சத்தியங்கள் செய்து பழியிலிருந்து நீங்கிக்கொள்வார்கள் என்றபோது, இறைமறுப்பாளர்களின் சத்தியத்தை எப்படி ஏற்பது என்றனர். இறுதியில் நூறு ஒட்டகங்களைத் தியத்தாக இறைத்தூதர் (ஸல்) அவர்களே கொடுத்து அவ்வழக்கை முடித்தார்கள். அந்த ஒட்டகங்களில் ஒன்று தம்மை உதைத்ததை அறிவிப்பாளர் ஸஹ்ல் பின் அபீ ஹஸ்மா (ரலி) நினைவுகூர்வது, இது ஏட்டில் மட்டும் நின்ற தீர்ப்பல்ல என்பதற்குச் சான்று. பகைமை இருந்தது, சந்தேகத்துக்கு இடமிருந்தது, குற்றம் சாட்டப்பட்டோர் வேற்றுச் சமயத்தார், ஆட்சியோ முஸ்லிம்கள் கையில். எனினும் சாட்சியில்லாத பழி எவர் தலையிலும் ஏற்றப்படவில்லை. செத்தவரின் குடும்பமும் வெறுங்கையோடு திரும்பவில்லை.

கஸாமா எனப்படும் இந்தச் சத்திய முறையிலிருந்து சட்டப் பள்ளிகள் வெவ்வேறு விதிகளை வகுத்தன. தமிழக முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், வெளிப்படையான பகைமை போன்ற வலுவான சந்தேக அடையாளம் இருந்தால் அதற்கு ‘லவ்ஸ்’ என்று பெயர். அந்த அடையாளம் இருக்கும்போது வாரிசுகள் சத்தியம் செய்து தியத் பெறலாம். ஆனால் இமாம் ஷாஃபிஈயின் பிந்திய கருத்துப்படி அதைக்கொண்டு உயிருக்கு உயிர் கேட்க முடியாது. ஹனஃபீ மத்ஹபிலோ பிணம் கிடந்த பகுதியின் மக்கள் ஐம்பது பேர், தாங்கள் கொல்லவில்லை, கொன்றவனையும் அறியோம் என்று சத்தியம் செய்து, அதன் பிறகும் தியத்தைக் கொடுக்க வேண்டும். தம் தெருவில் ஒருவன் வெட்டுண்டு கிடந்ததற்கு அத்தெருவாருக்குப் பொறுப்புண்டு என்பது அதன் கருத்து. மாலிக்கீ, ஹன்பலீ அறிஞர்கள் கஸாமாவால் கிஸாஸும் நிலைபெறும் என்றனர். ஆகவே எல்லோரும் ஒரே குரலில் பேசினர் என்று நாம் சொல்லவில்லை. பகைமை மட்டுமே ஒருவனைக் கொலைகாரனாக்கிவிடாது என்ற எச்சரிக்கை எல்லாரிடமும் இருந்தது.

இவையெல்லாம் அரபு நாட்டு ஏடுகளில் மட்டும் இருந்த விதிகள் அல்ல. ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியில் திருவண்ணாமலையும் வந்தவாசியும் அடங்கியிருந்தன. 1801இல் கர்நாடகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போன பிறகும், 1802ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்களின்படி அமைந்த நீதிமன்றங்களில் இஸ்லாமியக் குற்றவியல் சட்டமே அடிப்படையாக இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் இந்துவானாலும் முஸ்லிமானாலும், காஜியும் முஃப்தியும் அளிக்கும் ஃபத்வாவைக் கேட்டே மாவட்டத்துக் கொலை வழக்கு முடிவாகும். அம்முறையைப் பொற்காலம் என்று போற்றிக்கொள்ள வேண்டியதில்லை. கம்பெனி அதன் மேல் தன் திருத்தங்களை ஏற்றியது. வங்கத்தில் கார்ன்வாலிஸ் தொடங்கிவைத்த மாற்றங்களால், வாரிசுகள் மன்னிக்கும் உரிமை பறிபோயிற்று. எந்த ஆயுதத்தால் கொன்றான் என்ற ஹனஃபீ ஆய்வின் இடத்தில், கொல்லும் எண்ணம் இருந்ததா என்ற கேள்வி வந்தது. 1862 ஜனவரி 1இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஏற்பாடு முடிந்தது. 1864இன் 11ஆம் சட்டம் நீதிமன்ற முஃப்திகளின் பதவிகளையும் நீக்கிவிட்டது.

சென்னை நகரத்தின் கதை வேறு. அங்கே தொடக்கம் முதலே ஆங்கிலச் சட்டமும் ஜூரிகளும்தாம். 1801இல் அமைந்த சுப்ரீம் கோர்ட்டின் குற்றவியல் அதிகாரம் 1862இல் சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது. நகர எல்லைக்குள் நடந்த கொலையை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரே ஜூரிகளை வைத்துக்கொண்டு நேரடியாக விசாரிப்பார். ஜூரிகள் குற்றவாளி என்று சொல்லி, நீதிபதியும் ஏற்றுக்கொண்டால், நிகழ்ச்சிகளின் உண்மை பற்றி வழக்கமான மேல்முறையீடு கிடையாது. சட்டப் பிழை உண்டு என்று அட்வகேட் ஜெனரல் சான்றளித்தால் மட்டும் ஒரு சிறு வாயில் திறக்கும். இந்த இறுக்கத்தை 1943ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தளர்த்தியது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 411-ஏ என்ற பிரிவு புகுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் நிகழ்ந்த ஒரு கொலை அந்தப் பிரிவை லண்டன் வரை கொண்டுபோகும் என்று அப்போது யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

கொலையுண்டவர் சி.என். லட்சுமிகாந்தன். ஆவண மோசடிக்காக முன்பே சிறைத்தண்டனை அனுபவித்தவர். 1943இல் ‘சினிமா தூது’ என்ற வார ஏட்டைத் தொடங்கி, நடிகர் நடிகையரின் அந்தரங்க வாழ்க்கை என்று எழுதிக் குவித்தார். ஏடு அமோகமாக விற்றது. எழுதாமலிருக்கப் பணம் கொடுத்தவர்களும் இருந்தனர் என்பது அக்காலத்துப் பேச்சு. போர்க்காலம் அது, காகிதத்துக்குக் கட்டுப்பாடு, ஏடு நடத்த உரிமம் தேவை. எம்.கே. தியாகராஜ பாகவதரும், என்.எஸ். கிருஷ்ணனும், கோவைப் படத்தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடுவும் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் மனு அளித்தனர். உரிமம் ரத்தாயிற்று. லட்சுமிகாந்தன் அடங்கவில்லை. ‘இந்து நேசன்’ என்ற ஏட்டைக் கைக்கொண்டு பழைய தொழிலைத் தொடர்ந்தார். புறம் பேசுவதை இறந்த சகோதரனின் மாமிசத்தை உண்பதற்கு ஒப்பிடும் மறைவசனத்தை அறிந்த நமக்கு இம்மனிதரைப் பற்றி நல்லெண்ணம் தோன்றக் காரணமில்லை. ஆனால் கொலை வழக்கில் செத்தவன் நல்லவனா என்ற கேள்விக்கு இடமில்லை. இதைப் பின்னால் மீண்டும் பேசுவோம்.

1944 நவம்பர் 8ஆம் நாள் காலை, வேப்பேரியில் இருந்த தம் நண்பரான வழக்கறிஞர் ஒருவரைச் சந்தித்துவிட்டு லட்சுமிகாந்தன் கைரிக்‌ஷாவில் திரும்பிக்கொண்டிருந்தார். ஜெனரல் காலின்ஸ் சாலையில் அவரை வழிமறித்துக் கத்தியால் குத்தினர். காயத்தோடு வழக்கறிஞரின் வீட்டுக்கே அவர் திரும்பிச் சென்றார். அங்கிருந்து பொது மருத்துவமனைக்குப் போகும் வழியில் வேப்பேரிக் காவல் நிலையத்தில் புகாரும் கொடுத்தார். பேசும் நிலையில் இருந்தவர் பிழைத்துக்கொள்வார் என்றே தோன்றியது. மறுநாள் அதிகாலையில் உயிர் பிரிந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்பும் ஒருமுறை அவர் தாக்கப்பட்டிருந்தார்.

டிசம்பர் இறுதியில் பாகவதரும், அவரை அடுத்துக் கிருஷ்ணனும், ஸ்ரீராமுலு நாயுடுவும் கைது செய்யப்பட்டனர். அவ்வாண்டு தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் ஓடிக்கொண்டிருந்தது. பாகவதரும் கிருஷ்ணனும் சேர்ந்து நடித்த படம். நாயகனும் நகைச்சுவை நடிகரும் சிறையில் இருக்க, அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. தமிழ்நாட்டார் அவர்களைக் குற்றவாளிகளாக நினைத்தார்களா இல்லையா என்பதற்கு இதைவிட வேறு சான்று தேட வேண்டாம். ஆனால் மக்களின் அன்பும் ஒரு சான்று ஆகாது. கூட்டத்தின் வெறுப்பைக் கொண்டு தண்டிப்பது எவ்வளவு பிழையோ, கூட்டத்தின் அன்பைக் கொண்டு விடுவிப்பதும் அவ்வளவு பிழை.

சாலையில் நின்று குத்தியவர்கள் இவர்கள் என்று அரசுத் தரப்பு சொல்லவில்லை. சதி என்பதே இவர்கள் மீதான குற்றச்சாட்டு. பகைமை கொண்டு, பணம் கொடுத்து, ஆள் ஏவினர் என்றனர். சதியைக் கண்ணால் கண்டவர் யார் இருக்க முடியும்? அதில் பங்கு பெற்றவன்தான் சொல்ல வேண்டும். குற்றம் சாட்டப்பட்டோரில் ஒருவர் மன்னிப்புப் பெற்று அப்ரூவராகி அரசுத் தரப்பில் சாட்சி சொன்னார். நோக்கத்துக்குச் சான்றாக நின்றது, ஏட்டின் உரிமத்தை ரத்து செய்யக் கோரி ஆளுநரிடம் அளித்த அந்த மனு. சட்டப்படி முறையிட்ட செயலே கொலைநோக்கத்தின் அடையாளமாக மாறியது. லட்சுமிகாந்தன் மீது பகைமை கொண்டோரை எண்ணினால் அன்றைய கோடம்பாக்கத்தில் பாதிப்பேர் தேறுவர். லவ்ஸ் என்று நாம் மேலே சொன்ன அடையாளம் இதுவே. இதன் எடை எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்ரூவர் சாட்சியைப் பற்றி 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் இரண்டு நாவால் பேசியது. குற்றக்கூட்டாளி தகுதியுள்ள சாட்சி, அவன் சாட்சியை மட்டும் நம்பித் தண்டித்தாலும் அது சட்டவிரோதமாகாது என்றது 133ஆம் பிரிவு. முக்கிய விவரங்களில் வேறு ஆதாரத்தால் உறுதிப்பட்டாலன்றி அவனை நம்பத்தகாதவனாகக் கொள்ளலாம் என்றது 114ஆம் பிரிவின் ஓர் எடுத்துக்காட்டு. இவ்விரண்டுக்கும் இடையில் எத்தனை உயிர்கள் ஊசலாடியிருக்கின்றன என்பதைச் சட்ட அறிக்கைகளைப் புரட்டுவோர் அறிவர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாட்சிய அதினியம், வேறு ஆதாரத்தால் உறுதிப்பட்ட குற்றக்கூட்டாளியின் சாட்சி என்று தன் 138ஆம் பிரிவில் சொல்லை மாற்றியிருக்கிறது. நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து வந்த ஒரு சொல்.

ஃபிக்ஹு நூல்களில் இந்தச் சிக்கலுக்கு வேறு அணுகுமுறை. ஒருவனின் வாக்குமூலம், அதாவது இக்ரார், அவனை மட்டுமே கட்டும், பிறரைக் கட்டாது. பிறர் மீது சொல்லும்போது அவன் சாட்சியாகிறான்; சாட்சியாக வேண்டுமெனில் நேர்மையாளன் என்பது நிலைபெற்றிருக்க வேண்டும். தன் சாட்சியால் தனக்கே ஆதாயம் தேடிக்கொள்பவனின் சொல் ஏற்கப்படாது. கழுத்தைச் சுருக்கிலிருந்து விடுவித்துக்கொள்வதைவிடப் பெரிய ஆதாயம் உலகில் எது? சாட்சிகளைப் பற்றி இரகசியமாகவும் வெளிப்படையாகவும் விசாரித்து அறியும் தஸ்கியா என்ற கடமை காஜியின் மேல் இருந்தது. இவ்வளவு கடினமான வாயிலை வைத்தால் கொலையாளிகள் தப்பிவிட மாட்டார்களா என்று கம்பெனி அதிகாரிகள் கேட்டனர், நியாயமான கேள்வியே. முஸ்லிம் ஆட்சியாளர்களும் அதை உணர்ந்தே, கிஸாஸுக்குப் போதாத ஆதாரம் இருக்கும் இடங்களில் சியாஸா, தஃஸீர் என்ற வழிகளில் குறைந்த தண்டனைகளை வைத்திருந்தனர். அவ்வழிகள் கொடுமைக்குக் கருவியானதும் உண்டு.

வழக்குக்குத் திரும்புவோம். உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன் ஒன்பது ஜூரிகளைக் கொண்டு விசாரணை நடந்தது. 1945 மே 3ஆம் நாள் தீர்ப்பு. ஸ்ரீராமுலு நாயுடு விடுவிக்கப்பட்டார். பாகவதரையும் கிருஷ்ணனையும் குற்றவாளிகள் என்றனர் ஜூரிகளில் ஆறு பேர். மூவர் அதை ஏற்கவில்லை. நீதிபதி பெரும்பான்மையை ஏற்று ஆயுள்காலத் தீவாந்தர தண்டனை விதித்தார். அன்றைய சட்டப்படி ஆறு பேராவது ஒருமித்தால்தான் நீதிபதி அதன்மேல் தீர்ப்பளிக்கலாம். ஆகவே சட்டம் அனுமதிக்கும் மிகக் குறைந்த பெரும்பான்மையால் இருவர் ஆயுளும் முடிவு செய்யப்பட்டது. ஒருவர் மனம் மாறியிருந்தால் அத்தீர்ப்பு நின்றிருக்காது. ஒன்பது பேரில் மூவருக்கு ஐயம் இருந்தது என்றால் அது யாருடைய ஐயம்? மூவரின் ஐயமா, நீதிமன்றத்தின் ஐயமா? ஆங்கிலச் சட்டம் ஜூரிகளை எண்ணியது. எண்ணிக்கை போதுமானபோது ஐயம் கணக்கிலிருந்து கழிந்துவிட்டது.

ஐயம் எழுந்தால் தண்டனையை விலக்குங்கள், தண்டிப்பதில் தவறிழைப்பதைவிட மன்னிப்பதில் தவறிழைப்பது தலைவருக்கு மேல் என்ற கருத்தில் ஆயிஷா (ரலி) வழியாக ஓர் அறிவிப்பைத் திர்மிதி பதிவு செய்துள்ளார். அது நபிமொழியாக அன்றி நபித்தோழரின் கூற்றாக வருவதே உறுதியானது என்பதையும் அவரே குறிப்பிடுகிறார். ஹுதூத் தண்டனைகளைப் பற்றிய அந்த விதியைச் சட்டவறிஞர்கள் கிஸாஸுக்கும் விரித்தனர். அறிவிப்பின் தரத்தைப் பற்றி விவாதம் இருந்தும் விதியைப் பற்றி மத்ஹபுகளிடையே பெரும் விவாதம் இல்லாதது கவனிக்கத்தக்கது.

அதே கருத்தை ஒரு நிகழ்ச்சியாக இப்னுல் கய்யிம் தம் ‘அத்துருகுல் ஹுக்மிய்யா’வில் எடுத்துரைக்கிறார். பாழடைந்த இடத்தில் ஒருவன் கையில் இரத்தம் தோய்ந்த கத்தியோடு பிடிபடுகிறான். அருகே வெட்டுண்ட பிணம். அலீ (ரலி) அவர்களின் முன் கொண்டுவரப்பட்டபோது, நானே கொன்றேன் என்று ஒப்புக்கொள்கிறான். தண்டனைக்குக் கொண்டுபோகையில் வேறொருவன் ஓடிவந்து, கொன்றவன் நான் என்கிறான். பின் ஏன் ஒப்புக்கொண்டாய் என்று முதலாமவனைக் கேட்கின்றனர். அவன் ஒரு கசாப்புக்காரன்; அறுத்த கையோடு இயற்கை உபாதைக்காக அங்கு ஒதுங்கியவன். கத்தியும் இரத்தமும் பிணமும் ஒன்றாய் இருக்கையில் தன் சொல்லை யார் நம்புவர் என்று நம்பிக்கையற்றுப்போய் ஒப்புக்கொண்டதாகச் சொல்கிறான். ஹசன் (ரலி) அவர்களிடம் கருத்துக் கேட்கப்படுகிறது. உண்மையை ஒப்புக்கொண்டு ஓர் உயிரைக் காத்ததால் இரண்டாமவனும் விடப்படுகிறான். கொல்லப்பட்டவனுக்கான தியத் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கப்படுகிறது. இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் கசாப்புக்காரன் தப்பியதோடு நிறுத்திக்கொள்கின்றனர். நமக்கோ கடைசி வரியே முக்கியமாகப் படுகிறது.

உயர்நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடு தோற்றது. இருவரும் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றனர். அங்கே எழுந்த கேள்வி கொலையைப் பற்றியதைவிட அந்தப் புதிய 411-ஏ பிரிவைப் பற்றியதாக இருந்தது. ஜூரிகள் முடிவு செய்த நிகழ்ச்சிகளுக்குள் மேல்முறையீட்டு நீதிபதிகள் எவ்வளவு தூரம் நுழையலாம்? மேல்முறையீட்டை மீண்டும் கேட்குமாறு பிரிவி கவுன்சில் வழக்கைச் சென்னைக்கே திருப்பி அனுப்பியது. தியாகராஜ பாகவதர் எதிர் மன்னர் பேரரசு என்ற பெயரால் அத்தீர்ப்பு பின்னாளைய வழக்குகளில் முன்மாதிரியாக எடுத்தாளப்பட்டது. இக்கொலை 1943க்கு முன் நடந்திருந்தால் ஜூரிகளின் ஆறு குரல்களே கடைசிச் சொல்லாக நின்றிருக்கும். பாடகரின் புகழும் நகைச்சுவையாளரின் நண்பர் வட்டமும் வழக்கை லண்டன் வரை செலுத்தப் போதிய பொருளைத் தேடித் தந்தன என்பதும் உண்மை. அவ்வளவு பொருளில்லாத கைதிகள் அந்த வாயிலின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

மறு விசாரணையில் வி.எல். எத்திராஜ் வாதாடினார். சென்னையின் முதல் இந்திய அரசுக் குற்றவியல் வழக்கறிஞராக இருந்தவர். மறு ஆண்டு மகளிர் கல்லூரி ஒன்றை நிறுவியவரும் அவரே. அரசுத் தரப்பின் சாட்சியங்களை அவர் ஒன்றொன்றாகப் பிரித்து வைத்தார். சாட்சிகளைத் தனித்தனியே நிறுத்தி விசாரித்து முரண்களை வெளிக்கொணரும் முறையை அலீ (ரலி) கையாண்டதாகவும் இப்னுல் கய்யிம் கூறுவார். மொழியும் உடையும் மாறினாலும் பொய்யைப் பிடிக்கும் வழி ஒன்றே. நீதிபதிகள் ஹேப்பல், ஷஹாபுத்தீன் இருவரும் அச்சாட்சியங்கள் தண்டனையைத் தாங்கும் வலிமையுடையவை அல்ல என்று கண்டு, 1947 ஏப்ரல் 25ஆம் நாள் பாகவதரையும் கிருஷ்ணனையும் விடுதலை செய்தனர்.

நீதிபதி முஹம்மது ஷஹாபுத்தீனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. சென்னை மாகாணத்தின் ஏலூரில் பிறந்து, ஐ.சி.எஸ். தேறி, நம் உயர்நீதிமன்றத்தில் அமர்ந்தவர். நாட்டுப் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் சென்று, டாக்கா உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். 1960 மே மாதத்தில் சில நாட்கள் மட்டும் பாகிஸ்தானின் தலைமை நீதிபதியாக இருந்தார். அந்நாட்டின் அரசியலமைப்பு ஆணையத்துக்குத் தலைமை தாங்கி 1961இல் அறிக்கை அளித்தவரும் அவரே. தமிழகத்துத் திரைவரலாறுகள் இவர் பெயரை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நம் சமுதாய வரலாறுகளிலும் இவருக்கு ஓர் இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை. மாகாணத்தை விட்டுப் போவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஆங்கிலேயர் ஒருவரோடு சேர்ந்தமர்ந்து, ஐயத்தின் பலனை இரண்டு இந்துக் கலைஞர்களுக்கு அளித்துச் சென்ற இம்முஸ்லிம் நீதிபதியைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுத வேண்டும். பிரிவினையின் இரத்தம் வடநாட்டில் ஓடத் தொடங்கிவிட்ட மாதங்கள் அவை.

சிறையில் கழிந்தவை சுமார் இருபத்தெட்டு மாதங்கள். கிருஷ்ணன் திரும்பி வந்து விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டார், 1957இல் மறைந்தார். பாகவதருக்கு அது கூடவில்லை. கைதாகும்போது கையிலிருந்த படங்கள் போயின, வெளியே வந்து நடித்த ‘ராஜமுக்தி’யும் பிறவும் எடுபடவில்லை, 1959 நவம்பர் 1இல் மறைந்தார். குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்த அரசு, எடுத்துக்கொண்ட மாதங்களுக்காக ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை, இன்றும் இல்லை.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட நம் வாசகர்களால் முடியாது. 2002 செப்டம்பரில் குஜராத்தின் அக்ஷர்தாம் கோயிலில் நடந்த தாக்குதலில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் தண்டிக்கப்பட்டோரில் மூவருக்குத் தூக்கு. காவல்துறையிடம் கொடுத்துப் பின்னர் மறுத்த வாக்குமூலங்களே அத்தண்டனைகளுக்கு முதுகெலும்பு. 2014 மே 16இல் உச்சநீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்தது. பதினோராண்டுகள் வரை சிறையில் கழித்த அவர்களில் சிலர் இழப்பீடு கேட்டபோது 2016இல் அது மறுக்கப்பட்டது. விடுதலையான ஒவ்வொருவருக்கும் இழப்பீடு என்றால் அது ஆபத்தான முன்மாதிரியாகிவிடும் என்பது கூறப்பட்ட காரணம். தவறான வழக்குகளால் சிறைப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கச் சட்டம் வேண்டும் என்று 2018இல் சட்ட ஆணையம் தன் 277ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அது பரிந்துரையாகவே இருக்கிறது. அக்கோயிலில் மாண்டவர்களின் குடும்பத்தாரையும் நாம் மறக்கலாகாது. அப்பாவிகள் சிறையிலிருந்த பதினோராண்டுகளும் அவர்களுக்குப் பொய்யான ஆறுதல் கொடுக்கப்பட்ட ஆண்டுகள்.

மறுபக்கத்தில் ஒரு சிறு நகர்வு நடந்திருப்பதையும் குறிப்பிட வேண்டும். 2008ஆம் ஆண்டின் திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வழக்கு விடுதலையில் முடிந்தாலும், குற்றவாளி இன்னாரென்றே கண்டுபிடிக்கப்படாவிட்டாலும், பாதிக்கப்பட்டவருக்கோ அவரைச் சார்ந்திருந்தோருக்கோ அரசு நிதியிலிருந்து ஈடு கிடைக்க அது வழி செய்கிறது. புதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவிலும் அவ்வழி தொடர்கிறது. கைபரின் ஒட்டகங்களையும் கூஃபாவின் பைத்துல்மாலையும் அறிந்தவர் இப்பிரிவைப் படிக்கும்போது புதியதொன்றைக் கண்டதாக எண்ணமாட்டார். நடைமுறையில் அந்த ஈடு எத்தனை குடும்பங்களைச் சென்றடைகிறது என்பது வேறு ஆய்வு.

லட்சுமிகாந்தனுக்கு இவற்றில் எதுவும் வாய்க்கவில்லை. அவரைக் கொன்றது யார் என்பது இன்றுவரை விடை காணாத புதிராகவே பேசப்படுகிறது. பாகவதரைப் பற்றி நூல்கள் வந்திருக்கின்றன. கலைவாணருக்குச் சிலை இருக்கிறது. வழக்கைப் பற்றிய கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அவை எல்லாவற்றிலும் கொலையுண்டவர் ஒரு மஞ்சள் பத்திரிகைக்காரர், அவ்வளவே. அவர் செத்ததைவிட அவர் சாவால் இருவர் சிறை சென்றதே பெரிய செய்தி. ஜெனரல் காலின்ஸ் சாலையில் ஒரு நவம்பர் காலையில், ஆள் நடமாடும் வீதியில், ஒரு மனிதர் குத்துப்பட்டு, தன் காலால் நடந்து சென்று உதவி கேட்டார். ஹனஃபீ காஜி ஒருவர் அன்று வேப்பேரியில் இருந்திருந்தால் அத்தெருவார் ஐம்பது பேரை அழைத்துச் சத்தியம் கேட்டிருப்பார். 1947 ஏப்ரலுக்குப் பின் அந்தத் தெருவாரை எவரும் ஒன்றும் கேட்கவில்லை.